மேட்டுக்குப் போன கல்லூரி

1

எங்க சித்தி மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் எங்கள் தெருவுக்கு ஒரு துண்டறிக்கை வந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஊர்த்தெருவில் நிற்கவில்லை. நேராகச் சேரிக்கு வந்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவைத் தேடிக்கொண்டு யாராவது வந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ஓட்டு கேட்டு வருவார்கள். கரும்பு வெட்ட ஆள் கேட்டு வருவார்கள். சாவு விழுந்தால் சொல்லிவிட வருவார்கள். படிக்க ஆள் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

நாலு பக்கத் துண்டறிக்கை. தலைப்பில் 'சமுதாயக் கல்லூரி'. முதல் பக்கத்தில் கல்லூரியின் வரலாறு: யார் தொடங்கினார், எந்த வருஷம், நிலம் கொடுத்த பெரியவர் யார், கட்டடம் திறந்த அமைச்சர் யார். இரண்டாம் பக்கத்தில் படிப்புகள்: நோயாளி பராமரிப்பு உதவியாளர், தையல், அழகுக்கலை, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்த்தல். மூன்றாம் பக்கத்தில் தையல் மிஷின்களின் படம். நாலாம் பக்கத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு முன்னுரிமை என்று கொட்டை எழுத்து.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். கல்வெட்டுப் பாடத்தில் மெய்க்கீர்த்தி படித்திருக்கிறேன். அரசன் எந்தெந்த நாட்டை வென்றான், எந்தப் பட்டம் சூடினான் என்று அடுக்கிக்கொண்டு வந்து, அதற்கப்புறம்தான் யாருக்கு எவ்வளவு நிலம் கொடுத்தான் என்ற விஷயத்துக்கே வருவார்கள். இந்தத் துண்டறிக்கையின் முதல் பக்கமும் ஒரு மெய்க்கீர்த்திதான் என்று பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த நிலக்கொடைக் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி' என்ற சொல் வருகிறது. 'தீண்டாச்சேரி'யும் வருகிறது. எங்கே வருகிறது? வரி வசூலிக்கும் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டிய நிலங்களின் பட்டியலில். குளம், வாய்க்கால், சுடுகாட்டோடு சேர்த்து. கழிவுக் கணக்கில்தான் நாம் வரலாற்றில் ஏறியிருக்கிறோம். கல்லூரித் துண்டறிக்கையிலும் நாம் முதல் பக்கத்தில் இல்லை. நாலாம் பக்கத்தில், முன்னுரிமைக் கணக்கில் இருக்கிறோம்.

ஒரு கல்லூரியின் வரலாறும் அதன் படிப்புகளின் பட்டியலும் வெறும் தகவல் அல்ல. அவையும் பிரதிகள்தான். கதையையும் கவிதையையும் கட்டுடைத்துப் படிக்கிற நாம் இந்தப் பிரதிகளைக் கையில் எடுப்பதில்லை. நம் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற எழுத்து கதைகளைவிட இவற்றில்தான் அதிகம் இருக்கிறது. அதனால் ஒரு சமுதாயக் கல்லூரியை எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்ததோ அந்த நாட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். நமக்கு அறிமுகமான ஒரு கல்லூரிதான். ஆனால் அந்தப் பெயரில் நாம் அதை அறிந்திருக்க மாட்டோம்.

2

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து ஒரு துறைமுக நகரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே கப்பல் கட்டும் தளங்களில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. லூசியானாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் கருப்பின மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். போர் முடிந்தது, வேலையும் முடிந்தது. வந்த சனம் திரும்பிப் போக முடியாது. பள்ளமான பகுதியில் அவர்கள் வாழ்ந்தார்கள். கிழக்கே மலைச்சரிவில் வெள்ளையர் வாழ்ந்தார்கள். அங்கே சாதி கிடையாது என்பார்கள். மேடும் பள்ளமும் இருந்தது.

1953இல் நகரத்தின் பொதுக்கல்வி நிர்வாகம் இரண்டு வருஷப் படிப்புக்கான ஒரு கல்லூரியைத் தொடங்கியது. இரண்டு வளாகங்கள். லேனி என்ற வளாகம் கைத்தொழிலுக்கு. குரோவ் தெருவில் இருந்த மெரிட் வளாகம் எழுத்துப் படிப்புக்கும் வணிகப் படிப்புக்கும். கையையும் மூளையையும் முதல் நாளே பிரித்து வைத்துவிட்டார்கள். 1964இல் இவை பெரால்ட்டா சமுதாயக் கல்லூரி மாவட்டம் என்ற அமைப்பின் கீழ் வந்தன.

பெயர்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். லூயிஸ் மரியா பெரால்ட்டா ஸ்பானியப் படையில் இருந்தவர். 1820இல் ஸ்பானிய ஆளுநர் அவருக்கு 44,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தைக் கொடையாகக் கொடுத்தார். இன்றைய ஓக்லாந்து அந்த நிலத்தின் மேல்தான் நிற்கிறது. கொடுத்தவன் நிலமும் இல்லை, வாங்கினவன் நிலமும் இல்லை. அது ஓலோனி என்ற பழங்குடி மக்களின் நிலம். சாமுவேல் மெரிட் மருத்துவர், நிலத்தில் பணம் போட்டவர், 1860களின் இறுதியில் நகரத்தின் மேயர். ஆக ஒரு கல்லூரியின் முகவரியில் ஒரு நிலக்கொடை வாங்கியவரும் ஒரு மேயரும் இருக்கிறார்கள். நம் ஊர் பிரம்மதேயக் கல்வெட்டைப் படித்தவனுக்கு இது புதுசாகத் தெரியாது. நிலம் யாரிடமிருந்து போனதோ அவன் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது.

ஆனால் மெய்க்கீர்த்திக்குள் அடங்காத ஒன்று அந்தக் கல்லூரியில் இருந்தது. கதவு. கலிஃபோர்னியாவின் 1960ஆம் வருஷத்து உயர்கல்வித் திட்டம் மாணவர்களை மூன்றாகப் பிரித்தது. முதல் எட்டில் ஒரு பங்கு பேருக்கு பெரிய பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ளவர்களுக்கு மாநிலக் கல்லூரி. மீதி எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரி. வடிகட்டியதில் மிஞ்சிய கப்பி என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கப்பிக்குக் கதவு திறந்திருந்தது. மதிப்பெண் கேட்கவில்லை. 1984 வரை கட்டணமும் கேட்கவில்லை. பள்ளத்தில் வாழ்ந்த பிள்ளைகள் வீட்டிலிருந்து நடந்தே வந்து உட்கார முடிந்தது.

அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் இரண்டு பேர் ஹூயி நியூட்டனும் பாபி சீலும். நியூட்டன் 1942இல் லூசியானாவில் பிறந்தவர். உயர்நிலைப்பள்ளியை முடித்தபோது அவருக்கு ஒழுங்காகப் படிக்கத் தெரியாது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதை 1973இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் பன்னிரண்டு வருஷத்தில் கற்றுத்தராததை ஒரு ஆள் தன் ஆத்திரத்தில் கற்றுக்கொண்டார். சீல் 1936இல் டெக்சாஸில் பிறந்தவர், விமானப்படையிலிருந்து வெளியேற்றப்பட்டவர், அப்பா தச்சர்.

இந்த இரண்டு பேரும் சந்தித்த இடம் குரோவ் தெரு வளாகம்.

3

அந்தக் கல்லூரி இவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது? நியூட்டன் சட்டப் பாடங்கள் படித்தார். அது பின்னால் உதவியது. கருஞ்சிறுத்தைகள் போலீஸ் வண்டிகளைப் பின்தொடர்ந்து போனபோது கையில் துப்பாக்கியோடு சட்டப் புத்தகமும் இருந்தது. ஆனால் முக்கியமான பாடம் வகுப்புக்கு வெளியில் நடந்தது. கல்லூரி வாசலில் கூட்டம் போட்டுப் பேசுவது, ஆப்பிரிக்கா பற்றி வாதம் செய்வது, மால்கம் எக்ஸ் பேச்சைப் பற்றிச் சண்டை போடுவது. வேலையில்லாதவனும் மாணவனும் ஒரே நடைபாதையில் நின்று பேசினார்கள். கல்லூரி தெருவில் இருந்ததால் தெரு கல்லூரிக்குள் வந்தது.

அவர்கள் வைத்த கோரிக்கை எளிமையானது. எங்கள் வரலாற்றைப் பாடமாக வை, எங்கள் ஆட்களை ஆசிரியராக வை. 1960களின் நடுவில் எழுந்த இந்தக் கோரிக்கை, பத்து வருஷம் முடிவதற்குள் கருப்பினக் கல்வி என்ற துறையாகவே மெரிட்டில் இடம்பிடித்தது. பட்டியலில் இல்லாத ஒரு படிப்பை மாணவர்கள் பட்டியலில் எழுதினார்கள்.

இந்த இடத்தில் வரலாறு எழுதுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. கருப்பினக் கல்வித் துறையின் கதையைப் பெரும்பாலும் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் தொடங்கிய மாணவர் வேலைநிறுத்தத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அது பெரிய போராட்டம், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே, நாலு வருஷப் பட்டம் கொடுக்க அதிகாரம் இல்லாத ஒரு இரண்டு வருஷக் கல்லூரியில், தெருவிலிருந்து வந்த பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நாலு வருஷக் கல்லூரியில் நடந்தால் அது அறிவு வரலாறு. இரண்டு வருஷக் கல்லூரியில் நடந்தால் அது அடிக்குறிப்பு. அறிவுக்குள்ளும் ஊரும் சேரியும் இருக்கிறது. டோனா மர்ச் என்ற வரலாற்றாசிரியர் 2010இல் எழுதிய நூலில்தான், தெற்கிலிருந்து வந்த குடும்பங்களின் படிப்புத் தாகத்திலிருந்தும் இந்தக் கல்லூரியிலிருந்தும் சிறுத்தைகள் பிறந்ததை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

1966 அக்டோபரில் நியூட்டனும் சீலும் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்கள் எழுதிய பத்து அம்சத் திட்டத்தில் ஐந்தாவது அம்சம் கல்வி. வேலை, வீடு, போலீஸ் கொடுமை இவற்றோடு சேர்த்து, நம் உண்மையான வரலாற்றைச் சொல்லித்தரும் கல்வி வேண்டும் என்று கேட்டார்கள். சோறு முதலில், வரலாறு அப்புறம் என்று அவர்கள் வரிசைப்படுத்தவில்லை. 1969இல் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போட்டார்கள். 1970களில் சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். இலவச மருத்துவமனை வைத்து, கருப்பினத்தவரை அதிகம் தாக்கும் அரிவாள் அணு ரத்தசோகைக்குப் பரிசோதனை செய்தார்கள். இட்லியும் எழுத்தும் ஊசியும் ஒரே கையில் இருந்தன.

4

இனி அந்தக் கதவைப் பற்றி. திறந்த கதவைப் பார்த்து நாம் மயங்கிவிடக் கூடாது.

ஓக்லாந்துக்குத் தெற்கே சான் ஹோசே என்ற ஊரில் உள்ள ஒரு இரண்டு வருஷக் கல்லூரியை ஆராய்ந்து, பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கேட்ட கேள்வி இதுதான். எல்லோரையும் உள்ளே விடுகிறார்கள். வருகிறவர்களில் நிறைய பேர் நாலு வருஷப் படிப்புக்குப் போகும் ஆசையோடு வருகிறார்கள். ஆனால் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர் ஏன் கலகம் செய்யவில்லை?

பதிலையும் அவரே சொன்னார். முதலில் ஒரு தேர்வு வைத்து 'நீ பலவீனமானவன்' என்று காட்டுகிறார்கள். பிறகு ஆலோசகர் ஒருவர் அன்பாக உட்காரவைத்துப் பேசுகிறார். மதிப்பெண்களை ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். கடைசியில் மாணவனே 'எனக்கு இது ஒத்துவராது, தொழிற்படிப்பு போதும்' என்று சொல்கிற நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். யாரும் அவனைத் துரத்தவில்லை. அவனே இறங்கிக்கொள்கிறான். கிளார்க் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'ஆறவைத்தல்' என்று சொல்லலாம். கொதிக்கிற ஆசையை ஆறவைப்பது. அந்தச் சொல்லை அவர் எர்விங் காஃப்மன் என்பவரிடமிருந்து எடுத்தார். காஃப்மன் அதை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஏமாற்றுக்காரர்களின் பேச்சிலிருந்து. ஆளை ஏமாற்றிப் பணத்தைப் பிடுங்கிய பிறகு, அவன் போலீஸுக்குப் போகாமல் இருக்க, கூட்டாளி ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொல்வான். அந்தச் சமாதானத்துக்குப் பெயர்தான் அது.

இதைப் படித்தபோது எனக்குச் சித்தி மகளைச் சேர்க்கப் போன நாள் ஞாபகம் வந்தது. அவள் உயிரியல் பிரிவு. 600க்கு 418. செவிலியர் படிப்பு படிக்க வேண்டும் என்பது எட்டாவதிலிருந்து அவள் ஆசை. அந்தக் கல்லூரியில் சேர்க்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா மிகவும் நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். 'நர்சிங்குன்னா வருஷக்கணக்கா படிக்கணும்மா. உங்க வீட்டு நிலைமைக்கு இது ஒரு வருஷம், உடனே வேலை. இதுவும் நர்ஸ் மாதிரிதான்' என்றார். அந்த 'மாதிரி' என்ற சொல்லில்தான் அத்தனையும் இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எம்.ஏ. தமிழ் படித்தவன், மேடையில் பேசுகிறவன், வாயைத் திறக்கவில்லை. கையில் காசு இல்லை. ஏமாற்றுக்காரனின் கூட்டாளி அந்தம்மா மட்டும்தானா என்று இப்போது யோசிக்கிறேன்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை நாம் மறக்கவில்லை. பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார், நாடு கொதித்தது, 1954இல் காமராசர் வந்து எடுத்துப்போட்டார். அது முரட்டுத்தனமான திட்டம். பார்த்தவுடனே தெரிந்தது, எதிர்க்க முடிந்தது. இது நாகரிகமானது. 'அப்பன் தொழிலைச் செய்' என்று இது சொல்வதில்லை. 'திறன் வளர்த்துக்கொள்' என்று சொல்கிறது. அவள் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் சேரிப் பிள்ளைகள், இருளர் குடியிருப்புப் பிள்ளைகள். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். ஊசி போடுவது ஒருத்தர், பீ அள்ளுவது இன்னொருத்தர். இரண்டு பேருக்கும் வெள்ளைச் சட்டை. அப்பன் தொழிலுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

5

மெரிட் கல்லூரிக்கு என்ன ஆயிற்று?

1971இல் கல்லூரியை மலைமேல் கொண்டுபோனார்கள். புதுக் கட்டடம், நல்ல காற்று, மேலிருந்து பார்த்தால் விரிகுடா தெரியும். பள்ளத்துச் சனம் எதிர்த்தது. எங்க கல்லூரியை எங்க தெருவிலேயே விடு என்று கேட்டது. விடவில்லை. பழைய கட்டடத்தில் பின்னால் ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனமும் முதியோர் மையமும் வந்தன. குரோவ் தெருவுக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயரை வைத்தார்கள். தெருவுக்குக் கருப்பர் பெயர் வந்தது, தெருவில் இருந்த கல்லூரி போய்விட்டது. நம் ஊரிலும் பேருந்து நிலையத்துக்கு அம்பேத்கர் பெயர் வைப்பார்கள், பேருந்து சேரிக்குள் வராது.

கல்லூரி கலகக்காரர்களை வெளியேற்றவில்லை. தானே வெளியேறிவிட்டது. தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்த வேலையில்லாதவன் மலைக்கு பஸ் ஏறிப்போய் யாரிடம் பேசுவான்? கூட்டம் கூடுகிற இடத்தை எடுத்துவிட்டால் கூட்டத்தைத் தடைசெய்யத் தேவையில்லை.

இன்று அந்தக் கல்லூரி நியூட்டனையும் சீலையும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறது. அதன் படிப்புகளின் பட்டியலைப் பார்த்தால் செவிலியர் படிப்பு, எக்ஸ்ரே தொழில்நுட்பம், தோட்டக்கலை, குழந்தை வளர்ச்சி எல்லாம் இருக்கின்றன. ஆப்பிரிக்க அமெரிக்கக் கல்வியும் இருக்கிறது. நீதி நிர்வாகம் என்ற பாடமும் இருக்கிறது. போலீஸ் வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் படிப்பது. சிறுத்தைகள் பிறந்த வீட்டில் போலீஸுக்கும் பாடம். நிறுவனங்கள் இப்படித்தான். எதிர்த்தவனின் படத்தையும் மாட்டும், எதிர்க்கப்பட்டவனுக்கு வகுப்பும் எடுக்கும். இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாக உட்கார்ந்திருக்கும்.

ஆனாலும் அந்தப் பட்டியலை நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். அங்கே செவிலியர் படிப்பு என்பது 'மாதிரி' அல்ல. முடித்துத் தேர்வு எழுதினால் பதிவு பெற்ற செவிலியர். பொதுப்பாடம் படித்தவர் இரண்டு வருஷத்தை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு ஏறலாம். ஏறுகிறவர்கள் குறைவு என்று கிளார்க் காட்டினார். ஏணி இல்லை என்று அவர் சொல்லவில்லை. இரண்டு வருஷப் பட்டம் வாங்கிய நியூட்டன் 1980இல் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

நம் நாட்டில் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரி தொடங்கியது. தமிழ்நாட்டில் அதையடுத்து நிறைய வந்தன. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் திட்டம் போட்டது. மேலே ஏறும் வழி காகிதத்தில் இருக்கிறது. ஆனால் எங்க தங்கச்சியின் சான்றிதழ் செவிலியர் கல்லூரி வாசலில் ஒரு பைசாவுக்கும் பெறவில்லை. கடல் தாண்டி எடுத்துவந்தபோது பெயர் வந்தது, படிப்புகளின் பட்டியல் வந்தது. ஏணியும் தெருவும் கப்பலில் ஏறவில்லை.

6

ஏறி வந்தது ஒன்று உண்டு. அது எந்த அரசாங்கத் திட்டத்திலும் வரவில்லை.

1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே போன்ற இளைஞர்கள் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். பெயர் தலித் பேந்தர்ஸ். ஓக்லாந்துக்காரர்களின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1982இல் மதுரையில் மலைச்சாமி அந்தப் பெயரில் தமிழ்நாட்டில் இயக்கம் கட்டினார். 1989இல் அவர் மறைந்தார். 1990இல் பொறுப்புக்கு வந்த திருமாவளவன் காலத்தில் அது விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. 'பேந்தர்' என்ற சொல் தமிழில் சிறுத்தை ஆனபோது நம் காட்டு விலங்காகவே ஆகிவிட்டது. இன்று சேரிக்குச் சேரி கொடிக்கம்பத்தில் நிற்கிற அந்தப் பெயரை மூலம் தேடிக்கொண்டே போனால், ஒரு சமுதாயக் கல்லூரியில் சந்தித்த இரண்டு மாணவர்களிடம் போய் நிற்கிறது.

நடுவில் இன்னொரு கல்லூரியும் உண்டு. 1945இல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. 1950இல் ஔரங்காபாத்தில் ஒரு கல்லூரி. படிப்பறிவில் பின்தங்கிக் கிடந்த, நிஜாம் ஆட்சியில் இருந்த மராத்வாடா பகுதியைத் தேடிப்போய் அதை வைத்தார். அதற்கு மிலிந்த் என்று பெயர். மிலிந்தன் கிரேக்க அரசன். பௌத்த துறவி நாகசேனரிடம் கேள்வி கேட்டவன். வாதத்தில் என்னை வெல்கிறவனுக்கு நான் சீடன் என்று சொன்னவன். நிலம் கொடுத்தவன் பெயரையோ மேயர் பெயரையோ வைக்காமல், கேள்வி கேட்டவன் பெயரை வைத்தார் பாபாசாகேப். கொலம்பியாவில் படித்தவர், 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி கருப்பினத்தவர் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவைப் பற்றிக் கேட்டவர். அந்த மிலிந்த் கல்லூரியில் முதல்வராக இருந்த எம்.என். வான்கடே அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். கருப்பின இலக்கியத்தைப் பார், நம் எழுத்தையும் அந்தக் கோபத்தோடு எழுது என்று மாணவர்களிடம் பேசியவர். அங்கே ஆசிரியராக இருந்த கங்காதர் பாந்தாவணே 1960களின் கடைசியில் நடத்தத் தொடங்கிய 'அஸ்மிதாதர்ஷ்' இதழில்தான் மராத்தி தலித் இலக்கியம் வளர்ந்தது.

மிலிந்தில் சொல்லிக்கொடுத்தது வழக்கமான பல்கலைக்கழகப் பாடம்தான். தலித் இலக்கியம் என்று ஒரு பாடத்தாள் அப்போது கிடையாது. ஆனால் கல்லூரியும் விடுதியும் ஆசிரியரும் நம்முடையவர்களாக இருந்தபோது, பாடத்திட்டத்தில் இல்லாதது அங்கிருந்து வெளியே வந்தது. மெரிட்டில் நடந்ததும் அதுதான். ஆகவே ஒரு கல்லூரியைப் பட்டியலை வைத்து மட்டும் எடைபோட முடியாது. பட்டியலுக்கு வெளியே நின்று பேச அதில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

7

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினேன். இரவுப்பணி முடித்து வந்திருந்தாள். கேட்டுவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'அண்ணே, நீ சொல்றது நெசந்தான். ஆனா நீ எம்.ஏ. படிச்சிட்டு ஆறு வருஷம் சும்மா இருந்த. நான் ஒரு வருஷம் படிச்சிட்டு மாசம் ஒம்போதாயிரம் கொண்டாறேன். பெரியம்மாவுக்கு மாத்திரை யாரு வாங்கறது? பீ அள்றது கேவலம்னு நீயும் சொன்னா, ஊர்க்காரன் சொல்றதுக்கும் நீ சொல்றதுக்கும் இன்னா வித்தியாசம்? எனக்கு அள்றதுல வருத்தம் இல்ல. அள்ளிக்கினே இருன்னு சொல்றாங்க பாரு, அதுலதான் வருத்தம்.'

எனக்குப் பதில் இல்லை. நாலாம் பகுதியில் நான் எழுதிய கடைசி வரிகளை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. அவள் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றுதான் அப்படியே விட்டிருக்கிறேன். தொழிற்படிப்பை இழிவாகப் பார்க்கிற பார்ப்பனியப் பார்வை, எம்.ஏ. படித்த என் தலைக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. நோயாளியைத் தொட்டுப் புரட்டித் துடைப்பது அறிவில்லாத வேலை என்று யார் சொன்னது? சிறுத்தைகள் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தபோது அது அரசியலாக இருந்தது. வேலையில் இழிவு இல்லை. அந்த வேலைக்கு மேலே ஏணி வைக்காததில்தான் சாதி இருக்கிறது.

ஆகவே சமுதாயக் கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் ஆட்டோ வரும். அப்போது நம் பிள்ளைகள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு எந்தக் கல்லூரிக்குப் போகலாம், எழுதிக் கொடுப்பீர்களா? உங்கள் வரலாற்றுப் பக்கத்தில் நிலம் கொடுத்தவர் இருக்கிறார், அந்த நிலத்தில் உழைத்தவர் யார்? படிப்புகளின் பட்டியலில் ஒரு வரியை நாங்கள் சேர்க்கலாமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். குரோவ் தெருவில் கேட்டது அதுதான்.

தங்கச்சி இப்போது அரசு செவிலியர் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இடம் கிடைத்தால் மாதம் ஒம்பதாயிரம் நின்றுபோகும். அந்தச் செலவை எங்கள் தெரு இளைஞர்கள் மாதா மாதம் பங்குபோட்டுக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். எட்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் வேண்டும்.